படம் பார்க்க இந்திய விலை, பிழைப்புக்கு மட்டும் டாலர் விலையா?

பெரியதெரு_அச்சு

திருவல்லிக்கேணி பெரிய தெருவில் இருபது வருடமாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஃபிளெக்ஸ் என்று எல்லா வேலையும் உண்டு. இரண்டு மெஷின், நானும் ஒரு பையனும். போன வாரம் டிசைன் மென்பொருளின் வருடச் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி மெயில் வந்தது. இரண்டு மெஷினுக்கும் ஜிஎஸ்டியோடு சேர்த்து ஒரு லட்சத்தை நெருங்குகிறது. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம்.

என் அத்தை மகன் நியூஜெர்சியில் இதே தொழில் செய்கிறான். போன் போட்டுக் கேட்டேன். அவன் கட்டும் டாலரை ரூபாயாக மாற்றினால் எனக்கும் அவனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவன் ஒரு லோகோவுக்கு 500 டாலர் வாங்குகிறான், அந்த ஒரு லோகோவிலேயே ஒரு மெஷினின் வருடச் சந்தா ஏறக்குறைய வந்துவிடுகிறது. நான் ஒரு பத்திரிகை டிசைனுக்கு 1,500 ரூபாய் வாங்குகிறேன், அதிலும் மூன்று தடவை திருத்தம், பிளேட்டுக்குப் போகும் நேரத்தில் தாய்மாமன் பெயர் விட்டுப்போனது என்று நாலாவது தடவை. ஒரு மெஷினுக்கே முப்பது பத்திரிகைக்கு மேல் போட வேண்டும். ஆடியில் ஒன்றுகூட வராது.

இந்தியாவுக்குத் தனி விலை வைக்கவே முடியாது என்றால் பேசாமல் கட்டிவிடுவேன். ஆனால் என் மகள் போனில் பார்க்கிற நெட்ஃபிளிக்ஸ் மொபைல் பிளான் 149 ரூபாய். யூடியூப் பிரீமியம் 2024இல் ஏற்றிய பிறகும் 149தான், அப்போது அமெரிக்காவில் அது 13.99 டாலர், அதாவது ஆயிரம் ரூபாய்க்கு மேல். இவர்களால் முடிகிறது, அவர்களால் ஏன் முடியவில்லை? கார்ப்பரேட் கொள்ளை என்று ஒரு வரியில் முடிக்காமல், தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள்.

வேளச்சேரி_கேமர்

அண்ணே, எனக்குத் தெரிந்தது கேம் பக்கம் மட்டும்தான், அதைச் சொல்கிறேன். கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் 2015இல் ரூபாய் விலை வந்தது. அதற்கு முன்னால் எல்லாம் டாலர், அப்பாவிடம் கிரெடிட் கார்டு கேட்டுக் கெஞ்ச வேண்டும். ரூபாய் விலை வந்த பிறகு என் செட்டில் பாதிப் பேர் கிராக் (திருட்டுப் பிரதி) தேடுவதை விட்டுவிட்டார்கள். யாரும் திருந்தச் சொல்லவில்லை, விலை கைக்கு எட்டியது, அவ்வளவுதான்.

ஆனால் குறைந்த விலை வைத்தால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் அர்ஜென்டினாவிலும் துருக்கியிலும்தான் ஸ்டீம் விலை தரைமட்டம். உலகம் முழுக்க ஆட்கள், இருக்கும் நாட்டை மறைக்கும் விபிஎன் போட்டு அர்ஜென்டினாக்காரர்களாக மாறினார்கள். 2021இல் மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் நாடு மாற்றலாம் என்று கட்டுப்பாடு வந்தது. அப்புறம் 2023 நவம்பர் 20ஆம் தேதி பெசோ, லிரா இரண்டையுமே எடுத்துவிட்டு டாலருக்கு மாற்றிவிட்டார்கள். அந்த வருடம் அர்ஜென்டினாவில் பணவீக்கம் 200 சதவீதத்தைத் தாண்டியது, பெசோவில் இன்று வைக்கிற விலைக்கு நாலு மாதத்தில் மதிப்பே இருக்காது, அதுவும் ஒரு காரணம். ஆனால் அடி வாங்கியது அங்கே நிஜமாகவே இருக்கிற பசங்கள். பல கேம்களின் விலை ஒரே ராத்திரியில் பல மடங்கு.

ரிச்சி_பழையவர்

தம்பி, நான் 1998 முதல் 2016 வரை சென்னையின் கணினிச் சந்தையான ரிச்சி தெருவில் மென்பொருள் பெட்டி விற்றவன். விலை ஏன் ஏறும் என்று என்னைக் கேட்டால் முதலில் வரியைச் சொல்வேன்.

மென்பொருள் என்பது சரக்கா, சேவையா என்று இந்த நாட்டில் பல வருடம் முடிவே ஆகவில்லை. 2004இல் டாடா கன்சல்டன்சி வழக்கில் உச்ச நீதிமன்றம், பெட்டியில் போட்டு விற்கிற மென்பொருள் சரக்குதான், விற்பனை வரி உண்டு என்றது. சரி என்று கட்டினோம். 2008இல் மென்பொருளைச் சேவை வரிக்குள்ளும் கொண்டுவந்தார்கள். ஒரே சிடிக்கு வாட் (மாநில விற்பனை வரி) ஒரு பக்கம், சேவை வரி ஒரு பக்கம். வியாபாரிகள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. எது விற்பனை, எது சேவை என்பது ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் பொறுத்தது என்று தீர்ப்பு வந்தது, சேவை வரி அப்படியே நின்றது. எந்த வரியைப் போடுவது என்று தெரியாத வியாபாரி என்ன செய்வான்? இரண்டையும் பில்லில் போடுவான். வாங்குகிறவன் தலையில்தான் விழும்.

அதற்கு மேல் டிடிஎஸ், பணம் கட்டும்போதே பிடிக்கிற வரி. வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கட்டும் பணம் ராயல்டி, அதில் வரி பிடிக்க வேண்டும் என்று வருமான வரித் துறை சொல்லும். வெளிநாட்டுக்காரன் எனக்கு முழுப் பணமும் வந்தாக வேண்டும் என்பான். அப்போது அந்த வரியையும் வாங்குகிறவனே தன் கையிலிருந்து போட்டுக் கட்ட வேண்டும். 2021 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம், கடையில் கிடைக்கிற மாதிரி ரெடிமேட் மென்பொருளுக்குக் கட்டுவது ராயல்டி ஆகாது என்று தீர்த்துவைத்தது. அதற்குள் நான் கடையை மூடி ஐந்து வருடம் ஆகிவிட்டது.

இன்னொன்று, எங்கள் நிஜமான போட்டியாளர் பக்கத்துக் கடை கிடையாது. பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார். விண்டோஸ் எக்ஸ்பி நாங்கள் ஆயிரக்கணக்கில் விற்போம், அங்கே திருட்டு சிடி ஐம்பது ரூபாய். 2004, 2005 வாக்கில் மைக்ரோசாஃப்ட் தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, இந்தியா மாதிரி நாடுகளுக்கென்று ஸ்டார்ட்டர் எடிஷன் என்று மலிவாக ஒன்று கொண்டுவந்தது. ஒரே நேரத்தில் மூன்று புரோகிராம்தான் திறக்கும், நாலாவதைத் திறந்தால் முடியாது என்று சொல்லும். வந்து பார்த்தவர்கள் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது: "காசு கொடுத்தா மூணு, கொடுக்காட்டி எல்லாமா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பெரியதெரு_அச்சு

அண்ணே, வரி புரிகிறது. ஆனால் இப்போது ஒரே ஜிஎஸ்டி 18 சதவீதம்தானே, அது நெட்ஃபிளிக்ஸுக்கும் உண்டு. வரிக்கு முன்னால் இருக்கிற விலையே டாலர் விலையாக இருக்கிறதே, அதுதான் என் கேள்வி.

துரைப்பாக்கம்77

அண்ணா, கேள்வியைச் சரியான இடத்தில் வைத்துவிட்டீர்கள். நான் ஓஎம்ஆரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் எந்த நாட்டுக்கு என்ன விலை என்று முடிவு செய்யும் குழுவில் ஆறு வருடமாக இருக்கிறேன். நாங்கள் சென்னையில் உட்கார்ந்து அமெரிக்காவுக்கு விற்பவர்கள், அதனால் நீங்கள் பார்க்கும் அதே காட்சியை மறுபக்கத்திலிருந்து பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம், மென்பொருளின் விலைக்கும் அதைச் செய்ய ஆகும் செலவுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. செலவு முழுக்க முதல் பிரதியில் போய்விடுகிறது. இரண்டாவது பிரதிக்கு ஏறக்குறைய ஒன்றும் ஆகாது. இட்லிக்கடையில் நூறாவது இட்லிக்கும் மாவு வேண்டும், கேஸ் வேண்டும், அதனால் அதற்குக் கீழே போகமுடியாத ஒரு விலை உண்டு. எங்களுக்கு அந்தத் தரையே இல்லை. ஆகவே விலைக் கூட்டத்தில் யாரும் இதற்கு எவ்வளவு செலவானது என்று கேட்பதில்லை. திரையில் நாடுகளின் பட்டியல் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்விதான்: இங்கே எவ்வளவு வரைக்கும் கொடுப்பார்கள்? ஒரே பொருளுக்கு ஆளைப் பார்த்து, கூட்டத்தைப் பார்த்து வேறு வேறு விலை வைப்பதைப் பற்றி 1920லேயே பிகூ என்கிற ஆங்கிலேயப் பொருளியலாளர் வகை பிரித்து எழுதிவிட்டார். நாங்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

அப்படியானால் இந்தியாவில் குறைவாகத்தானே வைக்க வேண்டும்? அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பது இங்கே சுமார் 20 ரூபாய்க்கே கிடைக்கிறது என்பது உலக வங்கியின் வாங்கும் திறன் கணக்கு. பணம் மாற்றும் இடத்தில் டாலர் 80க்கு மேலே நிற்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் உங்கள் முப்பது பத்திரிகை.

குறைப்பார்களா மாட்டார்களா என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, வாங்காமல் போனால் அந்த ஆள் என்ன செய்வார். நெட்ஃபிளிக்ஸ் இல்லை என்றால் உங்கள் மகள் யூடியூபில் சும்மா பார்க்கலாம், வேறு ஓடிடி பார்க்கலாம், டெலிகிராமில் திருட்டுப் படம் இறக்கலாம், தூங்கவும் செய்யலாம். அதனால் அவர்கள் இறங்கி வந்துதான் ஆக வேண்டும். 2021 டிசம்பரில் இந்தியாவில் பேசிக் பிளானை 499இலிருந்து 199க்கு ஒரே அடியாகக் குறைத்தது அப்படித்தான். உங்கள் நிலைமை வேறு. கிளையன்ட் அந்த ஃபார்மேட்டில் ஃபைல் அனுப்புகிறார், பிரஸ்ஸில் அந்த ஃபார்மேட்டில் கேட்கிறார்கள், இருபது வருட வேலை அந்த ஃபார்மேட்டில் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது. உங்களுக்கு இரண்டாவது வழி இல்லை. திட்டிக்கொண்டே கட்டிவிடுவீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, வேலி. குறைந்த விலையில் வாங்கியது வேலி தாண்டிப் போகக் கூடாது. படம் பார்ப்பதில் அந்தக் கவலை குறைவு. தொழில் மென்பொருளில் அதுதான் பெரிய கவலை. எங்களுக்கே நடந்தது. இந்தியாவுக்கு மூன்றில் ஒரு பங்கு விலை வைத்திருந்தோம். ஒரு அமெரிக்க வாடிக்கையாளர் தன் சென்னை அலுவலகத்தின் பெயரில் நாற்பது சீட் (நாற்பது பேருக்கான உரிமம்) வாங்கினார். லாகின் எல்லாம் டெக்சாஸிலிருந்து வந்தது. அந்த மாதம் எங்கள் கூட்டத்தில் வேறு பேச்சே இல்லை. உங்கள் துறையையே எடுத்துக்கொள்ளுங்கள், சென்னையிலும் ஐதராபாத்திலும் ஹாலிவுட் படங்களுக்கு கிராஃபிக்ஸ் வேலை செய்யும் ஸ்டுடியோக்கள் இருக்கின்றன. இந்திய விலையைக் குறைத்தால் முதலில் பயனடைவது அந்தப் பெரிய ஸ்டுடியோக்கள், அவர்கள் சம்பாதிப்பதோ டாலரில். கம்பெனிக்காரர்கள் பயப்படுவது அவர்களைப் பார்த்து. அந்தப் பயத்துக்கான விலையை நீங்கள் கட்டுகிறீர்கள்.

பெரிய கம்பெனிகளின் தொழில் மென்பொருள் விலைப்பட்டியல் டாலரில்தான் எழுதப்படுகிறது, மற்றதெல்லாம் அதன் மொழிபெயர்ப்பு. 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கிளவுட் விலைகளை உலகம் முழுக்க டாலருக்குச் சமமாக்கப் போவதாக அறிவித்தது. அந்த ஏப்ரலில் யூரோவில் 11 சதவீதம், பவுண்டில் 9 சதவீதம் ஏறியது. மென்பொருள் மாறவில்லை, நாணயத்தின் மதிப்பு மாறியது.

பெரியதெரு_அச்சு

அக்கா, உங்களை விட வயதில் பெரியவனாகத்தான் இருப்பேன், ஆனாலும் இந்த விளக்கத்துக்கு அக்கா என்றே கூப்பிடத் தோன்றுகிறது. வேலி புரிந்தது. ஆனால் ஹாலிவுட்டுக்கு வேலை செய்கிறவனும் நானும் ஒரே கட்டத்தில் எப்படி வந்தோம்? நான் மயிலாப்பூர் மண்டபத்துக்குப் பத்திரிகை அடிக்கிறேன். என் ஃபைல் ராயப்பேட்டை பிரஸ்ஸைத் தாண்டிப் போனதில்லை.

துரைப்பாக்கம்77

அதுதான் எனக்கும் உறுத்துவது, அண்ணா. விலைப்பட்டியலில் 'இந்தியா' என்பது ஒரே வரி. அந்த வரிக்குள் ஐயாயிரம் பேர் வேலை செய்யும் ஐடி கம்பெனியும் இருக்கிறது, உங்கள் கடையும் இருக்கிறது. மாணவருக்குத் தனி விலை வைக்கிறோம், ஏனென்றால் கல்லூரி மெயில் ஐடி என்று ஒரு அடையாளம் இருக்கிறது. இரண்டு மெஷின் கடைக்கு அப்படி ஒன்று இல்லை. கண்டுபிடிக்க முடியாது என்பதும் உண்மை இல்லை. ஜிஎஸ்டி எண்ணை வைத்தோ, சீட் எண்ணிக்கையை வைத்தோ, ரூபாய் பில்லிங்கை வைத்தோ பிரிக்கலாம். நீங்கள் எப்படியும் கட்டுகிறீர்கள் என்பதால் அந்த வேலையைச் செய்ய யாருக்கும் அவசரம் இல்லை.

பரமட்டா_தமிழ்

சிட்னியிலிருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் பெரம்பூர். ஏழை நாட்டுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். இங்கே இதற்கு 'ஆஸ்திரேலியா வரி' என்றே பெயர் வைத்து நாடாளுமன்றக் குழு விசாரித்தது. 2013 மார்ச்சில் ஆப்பிள், அடோபி, மைக்ரோசாஃப்ட் மூன்றையும் அழைப்பாணை கொடுத்து நேரில் உட்காரவைத்தார்கள். அழைப்பாணை போன அதே பிப்ரவரியில் அடோபி இங்கே கிரியேட்டிவ் கிளவுட் விலையைக் குறைத்தது.

சாய்ஸ் என்கிற நுகர்வோர் அமைப்பு அந்த விசாரணையில் ஒரு கணக்கு கொடுத்தது. மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டூடியோ உயர்ரகப் பதிப்பு ஒன்று இங்கே அமெரிக்காவை விட 8,000 டாலருக்கும் அதிகம். அந்த வித்தியாசத்தில் ஒரு ஆளை அமெரிக்காவுக்கு விமானத்தில் இரண்டு முறை அனுப்பித் திரும்ப அழைக்கலாம். கப்பல் செலவா? இறக்கிக்கொள்கிற மென்பொருளுக்கு என்ன கப்பல்? ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும், அமெரிக்காவில் விலை எழுதும்போது விற்பனை வரியைச் சேர்க்காமல் எழுதுவார்கள், இங்கே 10 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்த விலை. அதைக் கழித்த பிறகும் வித்தியாசம் அப்படியே பெரிதாக நின்றது. ஆகவே துரைப்பாக்கம் சொன்னதுதான். இங்கே சம்பளம் அதிகம், கடை குறைவு, கொடுப்பார்கள் என்று தெரிந்து வைத்தார்கள்.

அந்தக் குழுவின் அறிக்கை வந்து இத்தனை வருடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் மேலதிகாரிகளைக் கேமரா முன்னால் உட்காரவைத்து ஏன் என்று ஒரு முறை கேட்டதே பெரிய விஷயம். நம் ஊரில் யாராவது கேட்டார்களா?

கிண்டி_பழையமாணவன்

ஓய்வு பெற்ற பேராசிரியர். என் தலைமுறைக்கு இந்த வேலி புத்தகத்தில் அறிமுகம். பொறியியல் பாடநூல்களின் மலிவுப் பதிப்பு வரும், தாள் மட்டம், அட்டை மெலிது, பின்னட்டையில் இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டுமே விற்பனைக்கு என்று அச்சிட்டிருக்கும். இ.எல்.பி.எஸ். பதிப்புகளுக்குப் பிரிட்டிஷ் அரசே மானியம் கொடுத்தது. மற்றவை பதிப்பகத்தாரே வேலி போட்டு விற்றவை. உள்ளே ஒரு வரிகூட மாறாது. அந்தப் பதிப்புகள் இல்லாவிட்டால் நானெல்லாம் படித்திருக்க முடியாது, அதனால் நாட்டுக்கு நாடு விலை மாறுவதே தவறு என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

அந்த வேலியைத் தாண்டியவர் சுபாப் கிர்ட்சேங் என்ற தாய்லாந்து மாணவர். ஆசியப் பதிப்புகளைச் சொந்தக்காரர்கள் மூலம் தாய்லாந்தில் வாங்கி அமெரிக்காவில் ஈபேயில் விற்றார். வைலி பதிப்பகம் வழக்குப் போட்டது. 2013 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. முறையாக அச்சிட்டு விற்ற பிரதியை, எந்த நாட்டில் அச்சிட்டதாக இருந்தாலும், வாங்கியவர் மறுபடி விற்கலாம்.

புத்தகத்தை வாங்கினால் அது நம்முடையது. மென்பொருளை நாம் வாங்குவதே இல்லை, உரிமம்தான் வாங்குகிறோம், சந்தா என்றால் அதுவும் வாடகைதான். வேலியைத் தாண்டி எடுத்துப்போக நம் கையில் ஒரு பொருளே இல்லை. அச்சுக்கடை நண்பரின் பழைய சிடி நாட்களுக்கும் இன்றைக்கும் இருக்கிற வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பெரியதெரு_அச்சு

ஐயா, முற்றிலும் உண்மை. 2005இல் வாங்கிய சிடி இன்னும் பீரோவில் இருக்கிறது. ஒரு முறை காசு, எட்டு வருடம் ஓட்டினேன். இப்போது ஒரு மாதம் கட்டாவிட்டால் நான் செய்த பத்திரிகையை நானே திறக்க முடியாது.

கட்டற்ற_கணி

அண்ணே, அப்படியானால் வெளியே வரும் வழியைப் பேசுவோம். இன்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ், கிம்ப் என்று இலவசமான கட்டற்ற டிசைன் மென்பொருள்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இது புதிதும் இல்லை. 2007 வாக்கில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் உமாசங்கர் ஐஏஎஸ் தலைமையில் அரசு அலுவலகக் கணினிகளைக் கட்டற்ற இயங்குதளமான சூசி லினக்ஸுக்கு மாற்றியது. அதே வகையான பாஸ் லினக்ஸை உருவாக்கியதே மத்திய அரசின் சென்னை சி-டாக் ஆய்வு மையம். விலை பேசும் வலிமை இரண்டாவது வழி இருக்கிறவருக்குத்தான் வரும் என்று மேலே சொன்னார்களே, அந்த இரண்டாவது வழி இதுதான்.

பெரியதெரு_அச்சு

தம்பி, முயற்சி செய்யாமல் பேசவில்லை. போன தை மாதம் ஒரு வாரம் இன்க்ஸ்கேப்பிலேயே உட்கார்ந்தேன். வரைவது அழகாக இருக்கிறது. மாட்டியது இரண்டு இடத்தில்.

ஒன்று எழுத்துரு. எங்கள் பழைய ஃபைல்கள் எல்லாம் யூனிகோடு வருவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் இருக்கின்றன. அந்த எழுத்துருவில் 'ஸ்ரீ' இருக்கிற இடத்தில் வேறு ஏதோ ஒரு ஆங்கிலக் குறி. வேறு மென்பொருளில் திறந்தால் 'நிகழும் மங்களகரமான' என்று தொடங்க வேண்டியது கட்டம் கட்டமாக நிற்கிறது. இரண்டு, நிறம். பிரஸ்ஸில் நாலு பிளேட், சிஎம்ஒய்கே, அதாவது சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மை. இன்க்ஸ்கேப்பிலிருந்து போனது ஆர்ஜிபி, திரைக்கான நிற முறை. மஞ்சள் குங்குமப் பத்திரிகையின் குங்குமச் சிவப்பு செங்கல் நிறமாக வந்தது. 400 பத்திரிகை, பெண் வீட்டார் வாங்க மறுத்துவிட்டார்கள், என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

கட்டற்ற_கணி

வருத்தமாக இருக்கிறது அண்ணே. இன்க்ஸ்கேப்பில் அந்தக் குறை உண்மை, மறுக்கமாட்டேன். படத்தை அதில் வரையுங்கள், பக்கத்தை ஸ்கிரைபஸில் கட்டுங்கள். அது சிஎம்ஒய்கே பிடிஎஃப்பைச் சரியாகவே கொடுக்கும். பழைய எழுத்துருவுக்கு யூனிகோடு மாற்றிகள் இருக்கின்றன. பத்திரிகை வாசகம் எப்படியும் ஏழெட்டு மாதிரிகள்தானே, ஒரு முறை மாற்றி வைத்தால் போதும். ஒரு மெஷினில் மட்டும் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் கடைக்கு வருகிறேன், காசு வேண்டாம்.

மயிலை_கணக்கு

அண்ணன் தம்பி இருவரும் பேசுங்கள், நடுவில் ஒரு கணக்கு விஷயம். நான் வரி ஆலோசகர். அண்ணா, நீங்கள் ஜிஎஸ்டியில் வழக்கமான பதிவா, காம்போசிஷனா (சிறு வியாபாரிகளுக்கான எளிய திட்டம்)? வழக்கமான பதிவு என்றால் அந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம், அது உங்கள் செலவே ஆகாது. கம்பெனியின் கணக்குப் பக்கத்தில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டிருக்க வேண்டும், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். காம்போசிஷன் என்றால் கழிக்க முடியாது.

அப்புறம், பில் டாலரில் வருகிறதா ரூபாயில் வருகிறதா என்று பாருங்கள். டாலர் என்றால் பல வங்கிக் கார்டுகளில் 3.5 சதவீதம் வரை மாற்றுக் கட்டணம் உண்டு, அந்தக் கட்டணத்தின் மேலும் ஜிஎஸ்டி. இது கம்பெனியின் விலைப்பட்டியலில் எங்கும் இருக்காது, ஸ்டேட்மென்டில்தான் தெரியும்.

பெரியதெரு_அச்சு

மேடம், வழக்கமான பதிவுதான். ஜிஎஸ்டி எண் போட்ட ஞாபகமே இல்லை. இப்போதே பார்க்கிறேன்.

(அரை மணி கழித்து) போடவில்லை. மூன்று வருடமாக.

மயிலை_கணக்கு

பழையதற்கு என்ன செய்ய முடியும் என்று பில்களைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், காலக்கெடு தாண்டியவை போனது போனதுதான். திங்கட்கிழமை பில்களை எடுத்துக்கொண்டு வாருங்கள். இந்த வருடத்திலிருந்து ஒரு ரூபாய்கூட விடாதீர்கள்.

துரைப்பாக்கம்77

அண்ணா, இன்னொன்று செய்து பாருங்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் வெளியே சொல்லாத விஷயம், ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சந்தாவை ரத்து செய்கிற பொத்தானை அழுத்துங்கள். கடைசிப் பக்கம் வரை போங்கள், நிஜமாகவே விலகிவிடலாம் என்ற மனநிலையில் போங்கள். பல கம்பெனிகளில் போகிறவரைப் பிடித்து நிறுத்த ஒரு சலுகை தயாராக இருக்கும். எல்லா இடத்திலும் உண்டு என்று உறுதி சொல்லமாட்டேன். ஒன்று கவனம், வருட ஒப்பந்தத்தின் நடுவில் ரத்து செய்தால் அபராதம் கேட்பார்கள். நீங்கள் புதுப்பிக்கும் நேரத்தில் இருக்கிறீர்கள், அதனால் இதுதான் சமயம்.

ரிச்சி_பழையவர்

தம்பி, இந்தப் பெண் சொல்வதைக் கேள். ரிச்சி தெருவில் பேரம் பேசாமல் யாராவது வாங்கி நான் பார்த்ததில்லை. இப்போது கடைக்காரன் முகமே தெரிவதில்லை, அதனால் நாமும் பேசுவதை விட்டுவிட்டோம்.

பெரியதெரு_அச்சு

பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கட்டற்ற கணி தம்பி வந்தார், சாயங்காலம் ஆறு மணி வரை இருந்தார். இரண்டாவது மெஷினில் ஸ்கிரைபஸ் போட்டுவிட்டோம். பழைய ஃபைல்களில் அடிக்கடி வரும் ஒன்பது வாசகங்களை யூனிகோடுக்கு மாற்றிவிட்டோம். 'ஸ்ரீ' இப்போது 'ஸ்ரீ'யாகவே நிற்கிறது. குங்குமச் சிவப்புக்கு மெஜந்தா 100, மஞ்சள் 100 என்று வைத்து ஒரு தாள் அடித்துப் பார்த்தேன், சரியாக வந்தது. பையன் இன்னும் முனகுகிறான், ஷார்ட்கட் எல்லாம் மாறிவிட்டது என்கிறான். பழகட்டும்.

இரண்டாவது மெஷினின் சந்தாவை நிஜமாகவே ரத்து செய்துவிட்டேன். முதல் மெஷினுக்கும் ரத்துப் பொத்தானை அழுத்தினேன். ஏன் போகிறீர்கள் என்று கேட்டது, விலை என்று தேர்ந்தெடுத்தேன். அடுத்த பக்கத்தில் ஒன்றும் இல்லை. அதற்கடுத்த பக்கத்தில், இருங்கள், இந்த வருடம் முழுக்க நாற்பது சதவீதம் குறைத்துத் தருகிறோம் என்று வந்தது. பொத்தானை அழுத்தி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதே மென்பொருள், அதே சென்னை, அதே கார்டு. வாங்கிக்கொண்டேன். ஆனால் திரையைப் பார்த்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த விலைக்குத் தர முடியும் என்றால் இத்தனை வருடமாக என்னிடம் வாங்கியது எதற்கு என்ற கோபம் இன்னும் போகவில்லை.

ஜிஎஸ்டி எண் போட்டாயிற்று. ராயப்பேட்டையில் இன்னும் மூன்று கடைக்காரர்கள் ஸ்கிரைபஸைக் காட்டச் சொல்கிறார்கள். தம்பி, அடுத்த ஞாயிறு நேரம் இருக்குமா?

கட்டற்ற_கணி

இருக்கிறது அண்ணே. பத்து மணிக்கு வந்துவிடுகிறேன். அவர்களுடைய பழைய எழுத்துரு ஃபைல்களை ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள்.